ஏழாவது குழியின் வளைவு

ஏழாவது குழியை நான் வளைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பரிசுக் கேடயத்தில் என் பெயர்தான் பொறித்திருக்கிறது, வடிவமைப்பாளர் கோமளவல்லி என்று. ஆனால் அந்தக் கோல்ஃப் மைதானத்துக்கு நான் வரைந்த ஏழாவது குழி நேரானது. பந்தை அடிக்கும் இடத்திலிருந்து கொடி வரைக்கும் முந்நூற்றெண்பது மீட்டர், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

2061 ஆகஸ்டில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதியது. குழிக்குப் போகும் புல்பாதையான ஆடுதளம் பாதி வழியில் இடது பக்கம் ஒரு வேப்பமரத்தை நோக்கிச் சாய்கிறதாம், பிறகு மனசு மாறித் திரும்புகிறதாம், நடுவில் தரை சின்னச் சின்ன அலைகளாக ஏறி இறங்குகிறதாம். 'தயக்கத்தையே நிலமாக வடித்திருக்கிறார்' என்று முடித்திருந்தார்கள். படித்துவிட்டு எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பத்திரிகைப் படத்தை என் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நிலம் நகரும் என்பது எனக்குத் தெரியும். நகர வைத்ததே நான்தான். தண்ணீருக்கு ரேஷன் வந்த பிறகு பழைய பதினெட்டுக் குழி மைதானங்கள் எல்லாம் காய்ந்து செத்தன. இப்போது ஒன்பது குழி, வறட்சி தாங்கும் புல், கொஞ்சம் நிலம். அதே ஒன்பது குழியில் எத்தனை நாள் ஆடுவது? அதனால் தாராபுரத்துக்கு மேற்கே இந்த மேல்காற்று கோல்ஃப் கிளப்பில், புல்லுக்கு அடியில் பதினோராயிரம் ஜாக்கிகளைப் புதைத்தோம். கார் டயர் மாற்றத் தூக்குகிற ஜாக்கிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலைக் காரணம் காட்டி மைதானத்தை மூடி எல்லாரையும் வெளியேற்றுவார்கள். இரண்டு மணிக்குள் தரை ஒரு சாண் வரை உயரும், தாழும். புல் வெட்டும் எந்திரம் புதுத் தரைக்கு ஏற்ப ஆடுதளத்தைத் திருத்திக்கொள்ளும். எங்கே உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்பதை 'இசைவு' என்ற மென்பொருள் முடிவு செய்யும். ஆடுகிறவர்களுடைய ஷூவில் ஒரு சில்லு இருக்கிறது. கணுக்கால் நாடித் துடிப்பு, நடையின் தடுமாற்றம் எல்லாம் அது வழியாக இசைவுக்குப் போய்ச் சேரும்.

கிளப்பின் உறுப்பினர்களுக்கு இது தெரியும், பெருமையாகவும் பேசிக்கொள்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது. தெரியக்கூடாது என்று என் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இயந்திரத்தின் மேல் நின்று வேலை செய்கிறார்கள் என்று ஆகிவிட்டால் தொழிற்சாலைச் சட்டம், காப்பீடு, ஆய்வாளர் என்று வரிசையாக வந்துவிடும். கிளப் செயலாளர் சம்பத்குமார் அந்த வரியை வைத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன், மற்றப் பக்கங்களில் போட்ட மாதிரியே.

பத்திரிகைக் கட்டுரையால் ஆசிய அளவிலான வடிவமைப்புப் பரிசுக்கு மைதானம் தேர்வாகி, நடுவர்கள் வெள்ளியும் சனியும் நேரில் வருவதாக இருந்தது. 'ஏழாவது குழியின் வளைவுக்குப் பின்னால் உள்ள சிந்தனையை விளக்கத் தயாராக இருக்கவும்' என்று கடிதம். எனக்கே தெரியாத சிந்தனையைக் கண்டுபிடிக்கப் புதன்கிழமை தாராபுரம் போனேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஏழாவது குழியில் நின்று விழித்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒரு பெண் குத்த வைத்துக் கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். களைக்கொல்லி தடையான பிறகு எல்லாம் கைக்களைதான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் வெள்ளை ஷூ. எழுந்து, தரையைக் காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, என்னிடம் வந்தாள்.

"ஏனுங் மேடம், நீங்கதான இதக் கட்டுனவிய? ஒண்ணு கேக்கட்டுங்களா? சிரிக்கப்படாது."

"கேளுங்க."

"இந்தத் தரை நவுருதுங்களா?"

அவளே தொடர்ந்தாள். பெயர் துளசிமணி.

"காலைல இந்த எடம் மேடுங். களக்கொத்த இங்கதான் சாச்சு வெச்சுட்டுச் சோத்துக்குப் போனேன். வந்து பாத்தா மேட்டக் காணோம். நேத்து அந்தப் பக்கம் பள்ளம், இன்னைக்கு இந்தப் பக்கம். காலு ஒண்ணு நெனச்சு வெக்குது, தரை வேற எடத்துல இருக்குது. பத்து மாசமா இப்பிடித்தானுங்."

"கூட வேலை செய்யறவங்க என்ன சொல்றாங்க?"

"அவியெல்லாம் மாத்தி மாத்தி வேற குழிக்குப் போறவங்க. கோரை இங்கதான் சாஸ்தி, அதனால நான் எந்நேரமும் ஏழுலதான். அவிங்களுக்கு ஒண்ணுந் தெரியல. துளசிக்குத் தல சுத்துதுங்கறாங்க. சூப்பரைசர் சின்னராசு ஆசுபத்திரிக்கே கூட்டீட்டுப் போனாருங். எல்லா மாத்தரையும் தின்னாச்சு." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "வர்ற திங்கக்கெழம ஆப்பரேசன். காதுக்குள்ள தராசு மாதிரி ஒண்ணு இருக்குதாமா, அத எடுத்துட்டா சுத்தறது நிக்குமாமா. அந்தக் காது மட்டும் அப்பறம் கேக்காது."

"கேட்கவே கேட்காதா?"

"கேக்காதுங். அதுல சந்தேகமே வேண்டாம்னுட்டாங்க. தல சுத்தறவள வேலைக்கு வெக்க மாட்டாங்களே, அடுத்த மாசம் டாக்டரு சர்டிபிகேட் குடுக்கோணும். ஊட்டுக்காரர் கால் ஒடிஞ்சு உக்காந்திருக்கறாரு. களை பிடுங்க ஒத்தக் காது போதும்." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா தரைதான் நவுருதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா, நான் ஆப்பரேசன் வேண்டாம்னுருவேன்."

எனக்கு ஒப்பந்தத்தின் அந்த வரி ஞாபகம் வந்தது. சம்பத்குமார் முகம் ஞாபகம் வந்தது. ஒரு சாண் ஏற்ற இறக்கத்துக்கு யாருக்காவது தலை சுற்றுமா என்றும் தோன்றியது.

"நிலம் எங்கயாவது நகருமாங்க," என்றேன்.

"அதானுங்களே," என்று சிரித்துவிட்டு, மறுபடியும் குத்த வைத்துக் கோரையைப் பிடித்தாள்.

அவள் சிரித்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் எனக்கு வளைவு வேலை இருந்தது. மறுநாள் காலையில் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்த பொறியாளர் இர்ஃபான் சென்னைப் பையன், இசைவைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"உங்களுக்கே தெரியாதா மேடம்?" என்றான். "நாங்கல்லாம் நீங்க ஏதோ பெரிய ஐடியா பண்ணி உள்ள வெச்சிருக்கீங்கன்னு இல்ல நெனச்சிட்டிருக்கோம்."

"நான் நேராத்தான் போட்டேன். இது ஏன் வேப்பமரத்துக்குப் போகுது?"

"இசைவுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும் மேடம். நடக்கற ஆளு சிரமப்படறாரா, இல்லியா. சிரமப்பட்டா அந்த எடத்தை மாத்தும். மறுநாள் பாக்கும். இன்னமும் சிரமம்னா இன்னமும் மாத்தும். யாரு அதிக நேரம் நடக்கறாங்களோ அவங்க பேச்சுக்கு வெயிட் அதிகம்." திரையில் ஒரு பட்டியலைத் தள்ளினான். "கிளப்புல மொத்தம் முப்பத்தெட்டு மெம்பருங்க. பாதிப் பேரு மாசம் ஒரு தபா வர்றதே பெருசு. ஆனா இவரு பாருங்க, பதினேழாம் நம்பர். டெய்லி எட்டு மணி நேரம் நடக்கறாரு. ஒரு நாள் லீவு இல்ல."

"எட்டு மணி நேரம் யாரு கோல்ஃப் ஆடுவாங்க?"

"அதான் எனக்கும் புரியல. அதுவும் ஏழாவது குழியிலியே சுத்தறாரு. பந்தே அடிக்கறதில்ல. ஆரம்பத்துல சாமான் வெக்கற ஷெட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல மூச்சு வாங்கியிருக்காரு. இசைவு அந்த வழியைச் சமமாக்கியிருக்கு, அதான் உங்க வளைவு. அங்க என்ன மேடம் இருக்கு?"

வேப்பமரத்தடியில் வேலைக்காரர்களின் தண்ணீர் டிரம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"சமமாக்கினா நார்மலாத்தான் ஆகணும்," என்றான் இர்ஃபான். "இவருக்கு உல்ட்டா. மாத்த மாத்த நாடி ஏறுது. ரெண்டு மணிக்கு உள்ள வந்தாருன்னா கால் தடுமாறுது. ஐயையோ, இன்னும் கஷ்டப்படறாரேன்னு இசைவு மறுபடி மாத்துது. அவரு மறுபடி தடுமாறறாரு. பத்து மாசமா இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இதேதான். அந்த அலை அலையா இருக்குதே, அது பூரா இதுதான்."

பதினேழாம் நம்பர், திருப்பூர்ப் பனியன் அதிபர் தணிகாசலம். போனில் கூப்பிட்டேன்.

"நானா? தெனமுமா?" என்றார். "வைகாசிக்கு அப்பறம் அந்தப் பக்கமே வரலீங்களே. முட்டிவலி."

"உங்க ஷூ தினமும் வருது சார்."

"புது ஷூ எங்கூட்டு அலமாரில இருக்குதுங். பழசா? அது போன ஆயுத பூசைக்குக் குடுத்தாச்சே. பூசைக்கு வேலைக்காரங்களுக்கு நம்ம பழசு எதாச்சும் குடுக்கறது அங்க வழக்கம்தானுங்க. மத்தவங்க குடுக்கற ஷூ எல்லாம் சந்தைக்குத்தான் போகும், அவ்ளோ பெரிய ஷூ யாருக்குச் சேரும். எனக்கு ஆறாம் நம்பர் காலு. களை எடுக்கற பொண்ணு ஒருத்திக்கு கரெக்ட்டாச் சேர்ந்துருச்சு. கால் வெடிப்புக்கு நல்லதாச்சுன்னு கும்பிட்டுது. ஏனுங், திருப்பி வாங்கோணுங்களா?"

வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாங்கள் அத்தனை பேரும் கணக்குப் போட்டதில், அந்தப் புல்லின் மேல் மிக அதிகமாக நடக்கிறவர்கள் யார் என்ற கேள்வி ஒருத்தர் வாயிலும் வரவில்லை. ஷூ போட்டவர் உறுப்பினர் என்று இசைவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அது பாவம், சொன்னதைக் கேட்டது. அவளுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று தினமும் தரையை மாற்றியது. தினமும் தரை மாறியதால் அவளுக்குப் பயம் வந்தது. பயத்தையும் அது சிரமம் என்றே படித்தது. பத்திரிகைக்காரர்கள் ஆறு பக்கம் எழுதியது ஒரு பெண் பத்து மாதம் பயந்த பயத்தைப் பற்றி.

அப்போதே எழுந்து ஏழாவது குழிக்குப் போயிருக்க வேண்டும். ஐந்து நிமிட நடை. போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். வெள்ளி, சனி நடுவர்கள். சனி சாயங்காலம் போய்விடுவார்கள். ஆபரேஷன் திங்கட்கிழமை. சனி சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னால் ஒரு நாள் முழுதாகக் கையில் இருக்கிறது. இப்போது சொன்னால் அவள் சின்னராசுவிடம் சொல்வாள், அவர் சம்பத்குமாரிடம் சொல்வார், பரிசு போகும், வேலையாட்களுக்கு முன்னால் வாய் திறந்ததற்கு என் மேல் வழக்கும் வரும். இரண்டு நாளில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஆனால் நடுவர்கள் முன்னால் அவள் தடுமாறி விழுந்துவிட்டால்? அல்லது அவர்களிடமே போய்த் தரை நகர்கிறதா என்று கேட்டுவிட்டால்? சின்னராசுவைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷர், எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்கிற ரகம்.

"அந்தத் துளசிமணிக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க, சம்பளத்தோட," என்றேன். "உடம்பு சரியில்லாதவங்க வெயில்ல நிக்க வேண்டாம்."

"மகராசிங்க நீங்க," என்றார் அவர். எனக்கும் கொஞ்சம் நல்ல காரியம் செய்த மாதிரிதான் இருந்தது.

நடுவர்கள் மூன்று பேர். தலைவி ஹான் என்ற கொரிய அம்மாள், எழுபது வயது, சலிக்காமல் நடந்தார். ஏழாவது குழியில் வெகுநேரம் நின்றார்.

"இந்த இடத்தில் எனக்குக் குழப்பமாக இருக்கிறது," என்றார் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக. "கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ என்னிடம் அன்பாக இருக்கிறார்கள், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இது எப்படி உங்களுக்குத் தோன்றியது?"

அந்த அம்மாள் அவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டார். ஒரு கணம் சொல்லிவிடலாம் என்றுகூட வாய் திறந்தேன். பக்கத்தில் சம்பத்குமார் புன்சிரிப்போடு நின்றிருந்தார்.

"வருங்கால மைதானம் ஆடுகிறவரை ஜெயிக்க வைக்கவோ தோற்கடிக்கவோ கூடாது," என்றேன். "அவரைச் சந்தேகப்பட வைக்க வேண்டும். தன் காலையே."

மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள். சனி மத்தியானம் விருந்தின்போதே முடிவைச் சொல்லிவிட்டார்கள். சம்பத்குமார் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் வளையல் நெளிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நடுவர்களின் கார் கிளம்பியது. ஐந்தேகாலுக்கு நான் துளசிமணி வீட்டுக்குக் கிளம்பினேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கிளப்பிலிருந்து மூன்று கிலோமீட்டரில், சிமென்ட் அட்டை போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் கால்கட்டோடு அவள் வீட்டுக்காரர் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். சின்னராசுவும் அங்கேயே இருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா," என்றார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங் மேடம். நீங்க லீவு குடுத்தீங்கல்ல, சும்மா ஊட்ல உக்காந்து என்ன பண்றதுன்னு ஆசுபத்திரிக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கெழம ஒரு ஆளு வரலீன்னு எடம் காலியா இருந்துச்சு. நேத்துக் காலைல பண்ணி, இன்னைக்கு மத்தியானம் அனுப்பீட்டாங்க. இல்லீன்னா திங்கக்கெழமைக்கு ஒரு நாள் சம்பளம் போயிருக்கும்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை.

உள்ளே கட்டிலில், சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள் துளசிமணி. இடது காதின் மேல் பெரிய வெள்ளைக் கட்டு. கட்டிலின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, அவளுக்கு இடது பக்கம். அதில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு, நேராகச் சொன்னேன்.

"துளசிமணி, தரை நகருதுங்க. உங்களுக்கு ஒரு நோயும் இல்ல."

அவள் என் வாயைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தப் பக்கம் கேக்கலீங் மேடம். சேரை அந்தப் பக்கம் போட்டுக்குங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனேன். அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஜாக்கிகள், மத்தியான ஒரு மணி, தணிகாசலத்தின் ஷூ, எல்லாம் சொன்னேன். ஒப்பந்தத்தின் அந்த வரியை மீறிவிட்டேன் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. இப்படி ஒரு மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங், கேட்டீங்களா," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தரைதான் நவுருதாமா. நான் பைத்தியமில்லையாமா. பத்து மாசமா நான் சொன்னனா இல்லியா? மேடமே சொல்றாங்க."

பழனியப்பன் வெளியிலிருந்து என்னவோ கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கை தானாக மேலே போய்க் கட்டைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும், இரண்டு நாளாக அதைத்தான் செய்திருந்தேன். இன்றைக்குத்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"நகரறது முதல்லேர்ந்தே தெரியும்," என்றேன். "உங்களாலதான் நகருதுன்னு வியாழக்கிழமை தெரிஞ்சுது. காலைல பதினோரு மணிக்கு."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணுகிறவள் மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்து, கால்கள் இரண்டையும் கட்டில் மேல் தூக்கி, அந்தப் பக்கமாகத் திரும்பி, மறுபக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். தலை சுற்றியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவளுடைய காதுக்கட்டு என் பக்கம் இருந்தது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், வக்கீல் வைக்கிறேன் என்றேன், பரிசைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். வெகுநேரம் பேசினேன்.